எம்20 என்றால் எவ்வளவு?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். திருவனந்தபுரத்து வலியசாலையில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போடும் இடத்தில் சற்று நின்று கேளுங்கள். மனை செண்டில், அறை அடியில், குழாய் இஞ்சில், கம்பி எம்.எம்.மில், சிமெண்ட் கிலோவில் என்று பேச்சு ஓடும். வரைபடத்தின் ஓரத்தில் ‘எம்20’ என்று எழுதியிருக்கும். தளத்தின் பலம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

அதன் பொருள் இது: 150 மி.மீ. கனசதுரமாக வார்த்த கான்கிரீட், 28 நாள் ஆனபின், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு (2000) சொல்லும் குறைந்தபட்சத் தரமும் இதுவே.

இதே விதித்தொகுப்பின் 1964 பதிப்பைப் புரட்டினால், ஏறக்குறைய இதே பலத்துக்கு எம்200 என்று பெயர். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கு. 1978 பதிப்பு நியூட்டனுக்கு மாறியது. கான்கிரீட் அப்படியே இருக்க, எண் மட்டும் பத்தில் ஒன்றாயிற்று.

ஏன் மாற்றினார்கள்? கிலோ என்பது பொருளின் நிறை. அதைப் பூமி இழுக்கும் விசை வேறு. ஒரு கிலோவுக்குச் சுமார் 9.81 நியூட்டன். இரண்டையும் கிலோ என்றே எழுதினால் கணக்கில் பத்து மடங்கு பிசகலாம். அந்தக் குழப்பத்துக்கு இடம் தராத எஸ்.ஐ. அலகுமுறையை உலக நாடுகள் 1960இல் ஏற்றன.

நம் நாட்டில் எடை, அளவுச் சட்டம் வந்தது 1956இல். தசம முறை 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் கிலோ எடை என்று படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடையில் படிக்கல்லை மாற்ற அதிகாரி போதும். பொறியாளரின் அட்டவணையையும் வரைபடத்தையும் மாற்ற, பொறியாளர்களே கூடி உட்கார வேண்டியிருந்தது. லால் சந்த் வர்மன் முதல் இயக்குநராக இருந்த இந்தியத் தரநிர்ணய நிறுவனத்தின் குழுக்கள் தரவிதிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதின. புகழ் கிடைக்காத, பொறுமை மிக்க அந்த வேலையை நான் தேசப்பணி என்றே மதிக்கிறேன்.

அலகு பிசகினால் என்ன ஆகும் என்பதைத் ராக்கெட் ஏவுதளமான தும்பாவுக்குப் பக்கத்தில் வாழும் நாம் நன்றாகவே உணரலாம். 1999இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கலம் ஒன்று அழிந்தது. ஒரு மென்பொருள் பவுண்டில் தந்த விசைக் கணக்கை மற்றொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதே காரணம்.

அடியும் இஞ்சும் கெட்டவை அல்ல; கலந்து எழுதுவதுதான் ஆபத்து. ஆகவே இளம் பொறியாளர்களே, ஒரு வேலைக்கு ஒரே அலகுமுறையை வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டுகிறவர்களே, அலகு எழுதாத எண்ணை யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.