கணிப்பொறியின் நினைவகம்: விரைவும் உறுதியும்



நினைவு என்பதற்கு இரண்டு கடமைகள் உண்டு. கொடுத்ததை விரைவாகத் திருப்பித் தருவது ஒன்று. கொடுத்ததையே திருப்பித் தருவது மற்றொன்று. வினாவைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து தவறான விடையைச் சொல்லும் மாணவர்களையும், சற்றே எண்ணிப் பார்த்துச் சரியான விடையைச் சொல்லும் மாணவர்களையும் வகுப்பறையில் நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். முன்னவரின் விரைவினால் பயன் யாதும் இல்லை. பின்னவரும் அளவுக்கு மேல் காலம் கடத்தினால் தேர்வு மணி அடித்துவிடும். விரைவும் சரியாக இருத்தலும் ஒருங்கே அமைய வேண்டும்.

கணிப்பொறியின் நினைவகத்திற்கும் இது பொருந்தும். கடையில் ‘ராம்’ என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அந்த நீண்ட சிறு தகடுதான் நினைவகம். அதன் வேகம், காலக்கணக்கு, மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் நாம் விரும்பியவாறு அமைத்துக்கொள்ள இன்றைய மேசைக் கணிப்பொறிகள் பல இடம் தருகின்றன. இடம் தருகின்றன என்பதனாலேயே எண்களை ஏற்றிவிடுவது அறிவுடைமை ஆகாது. இந்த மூன்றும் யாவை, ஒன்றை மாற்றினால் மற்றவை என்ன ஆகும், அமைத்தது சரிதான் என்று எவ்வாறு உறுதி செய்வது என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் நினைவகத்தின் உள்ளே சென்று பார்ப்போம். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது ஒரு நினைவு அறை. இந்த அமைப்பை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் டென்னார்டு என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் எண்ணிக் கண்டார்; 1968இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லில் இயங்குநினைவு அறைகள் 1024 இருந்தன. இன்று எட்டு ஜிகாபைட் தகடு ஒன்றில் ஏறக்குறைய 6,870 கோடி அறைகள் உள்ளன.

ஒவ்வோர் அறையையும் ஒரு சிறு குடமாக எண்ணிக்கொள்ளுங்கள். குடம் நிறைந்திருந்தால் ஒன்று, வெறுமையாயிருந்தால் சுழி. ஆனால் இது பொத்தல் குடம். ஊற்றிய மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் 64 மில்லிவினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு நேரத்திற்குள், ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, நிறைந்திருந்ததை மீண்டும் நிரப்பியாக வேண்டும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். சில்லின் வெப்பம் 85 பாகை செல்சியசைத் தாண்டினால் இருமடங்கு விரைவாக நிரப்ப வேண்டும் என்பது விதி. இன்னுமொரு தொல்லையும் உண்டு. குடத்தில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். படித்த பிறகு மீண்டும் நிரப்பி வைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் காலம் தேவை. இதனை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். டி.டி.ஆர்.4 வகைத் தகட்டின் மீது 3200 என்று பொறித்திருக்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு தடத்திலும் ஒரு வினாடிக்கு 320 கோடி முறை தரவு அனுப்பப்படுகிறது என்பது அதன் பொருள். ஆனால் அதன் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 160 கோடிதான். ஒரு துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் தரவு செல்வதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது. சில மென்பொருள்கள் 1600 என்று காட்டுவதைப் பார்த்து, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மாணவர்கள் சிலர் கலங்குகிறார்கள். கலங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வேகம்தான்.

அடுத்தது காலக்கணக்கு. 16-18-18-38 என்பது போன்ற நான்கு எண்களைத் தகட்டின் மீது காணலாம். நினைவு அறைகள் வரிசை வரிசையாக, அலமாரித் தட்டுகள் போல அமைந்துள்ளன. ஒரு வரிசையைத் திறந்து அதிலுள்ள குடங்களை உணர்ந்தறியும் வரை காத்திருக்கும் காலம் இரண்டாவது எண். திறந்த வரிசையில் குறிப்பிட்ட ஓர் அறையைக் கேட்டது முதல் விடை வெளிவரும் வரை ஆகும் காலம் முதல் எண், இதனை சி.எல். என்பர். ஒரு வரிசையை மூடி அடுத்ததைத் திறக்க ஆயத்தமாகும் காலம் மூன்றாவது எண். ஒரு வரிசை குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது நான்காவது எண். கவிழ்த்த குடங்களை மீண்டும் நிரப்பும் வேலை அந்த இடைவெளியில்தான் நடைபெறுகிறது. அதை அளவுக்கு மேல் குறுக்கினால், அரைகுறையாக நிரம்பிய குடத்தோடு கதவை மூடுகிறோம் என்று பொருள்.

இந்த எண்கள் நேரத்தைக் குறிப்பவை அல்ல; துடிப்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பவை. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் மயங்குகின்றனர். ஒரு பள்ளியில் பாடவேளை 45 நிமிடம். மற்றொரு பள்ளியில் 30 நிமிடம். முதற்பள்ளியில் இரண்டு பாடவேளையும் இரண்டாம் பள்ளியில் மூன்று பாடவேளையும் 90 நிமிடம்தானே? நினைவகத்திலும் அவ்வாறே. 3200 வேகத்தில் ஒரு துடிப்பு 0.625 நானோ வினாடி. நானோ வினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. சி.எல். 16 ஆனால், பதினாறு துடிப்புக்கு 10 நானோ வினாடி. 3600 வேகத்தில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 0.556 நானோ வினாடி. சி.எல். 18 ஆனால், அதற்கும் 10 நானோ வினாடியே. முதற் சொல் வந்து சேரும் நேரம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 3200 தகடு ஒரு தடத்தில் வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். 3600 தகடு 28.8 ஜிகாபைட் தரும். ஆகவே வேகமும் காலக்கணக்கும் சேர்த்தே பார்க்கத்தக்கவை.

வரலாறும் இதனையே காட்டுகிறது. 1998ஆம் ஆண்டளவில் வழங்கிய பி.சி.100 வகை நினைவகத்தில் சி.எல். 2 என்றால் 20 நானோ வினாடி. அது வினாடிக்கு 0.8 ஜிகாபைட் கொடுத்தது. டி.டி.ஆர்.4 பொதுத்தரத்தில் 3200 வேகத்திற்கு சி.எல். 22; அதாவது 13.75 நானோ வினாடி. ஆனால் அனுப்பும் அளவு 25.6 ஜிகாபைட். அனுப்பும் அளவு முப்பத்திரண்டு மடங்கு பெருகியிருக்கிறது. காத்திருக்கும் காலமோ மூன்றில் ஒரு பங்குகூடக் குறைந்தபாடில்லை. குடத்தை உணர்வதற்கும் நிரப்புவதற்கும் ஆகும் காலத்தை எளிதில் குறைக்க முடியவில்லை என்பதே காரணம்.

மூன்றாவது மின்னழுத்தம். டி.டி.ஆர்.3 வகைக்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4 வகைக்கு 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5 வகைக்கு 1.1 வோல்ட் என்பது பொதுத்தரம். தலைமுறைதோறும் இது குறைந்து வருகிறது. கூடிய வேகத்திற்கென விற்கப்படும் டி.டி.ஆர்.4 தகடுகள் பலவற்றுக்கு 1.35 வோல்ட் குறித்திருப்பார்கள். அழுத்தம் கூடினால் ஒன்றுக்கும் சுழிக்கும் இடையே உள்ள மாற்றம் விரைவாகவும் தெளிவாகவும் நிகழும். ஆனால் அதற்கு விலை உண்டு. சுற்றுகளின் துடிப்பினால் செலவாகும் மின்திறன் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 1.2இலிருந்து 1.35 என்பது எட்டில் ஒரு பங்கு உயர்வுதான். திறன் செலவோ ஏறக்குறைய 27 விழுக்காடு உயர்கிறது. அது வெப்பமாக வெளிப்படும். வெப்பம் கசிவைக் கூட்டும் என்று முன்பே கண்டோம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்வது போன்றது இது.

அளவு மீறினால் நேரும் கேடு என்ன? மூன்று வகையாகச் சொல்லலாம். கணிப்பொறி தொடங்காமலே போகலாம். தொடங்கி, நடுவில் நின்றுவிடலாம். இவ்விரண்டும் வெளிப்படையான கேடுகள். பிழை இருக்கிறது என்று பொறியே சொல்லிவிடுகிறது. மூன்றாவதே கொடியது. பொறி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எப்போதோ ஒருமுறை, கோடிக்கணக்கான அறைகளுள் ஏதோ ஒன்றில், ஒன்று சுழியாக மாறிவிடும்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் விளையாட்டு விரைவாக ஓட வேண்டும் என்று நினைவகத்தின் எண்களை உயர்த்தினார். பொறியும் ஓடிற்று. சில வாரங்கள் சென்ற பின், தம் ஆய்வேட்டுக்கென எடுத்திருந்த ஒளிப்படங்களிற் சில திறக்கவில்லை என்பதைக் கண்டார். படி எடுத்து வைத்திருந்த மற்றொரு வட்டைத் தேடினார். அங்கும் அவை திறக்கவில்லை. ஒரு கோப்பைப் படி எடுக்கும்போது அது நினைவகத்தின் வழியாகத்தான் செல்கிறது. பழுதான வழியில் சென்ற படியும் பழுதாயிற்று. அவர் பெற்ற விரைவு சிறிது. இழந்த உழைப்போ ஒரு பருவத்தினது.

எண்களை உயர்த்தாத நினைவகமும் பிழைக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டில் எட்டு விழுக்காட்டுக்கு மேற்பட்ட தகடுகளில் ஒரு பிழையேனும் நேர்ந்ததைக் காட்டியது. அப்பிழைகளுள் மிகப்பல அங்கேயே திருத்தப்பட்டன. ஏனெனில் அவை பிழை திருத்தும் நினைவகங்கள். அக்கலையின் முன்னோடி ரிச்சர்டு ஹாமிங். பெல் ஆய்வுக்கூடத்தில் வார இறுதிகளில் தம் கணக்கைப் பொறியிடம் விட்டுச் செல்வார். பொறி பிழையைக் கண்டதும் அக்கணக்கைக் கைவிட்டுவிடும். பிழை உண்டு என்று அறியும் பொறி அது எங்கே உண்டு என்றும் அறியலாகாதா என்று அவர் எண்ணினார். அதன் பயனாக 1950இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் இத்தகைய முழுக் காவல் இல்லை. டி.டி.ஆர்.5 சில்லுகள் தமக்குள்ளே பிழை திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உடையவை. எனினும், சில்லிலிருந்து செயலிக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது காக்காது. ஆதலால் காவல் நம் கையில்தான் இருக்கிறது.

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். பெரும்பாலான மடிக்கணினிகளில் இந்த அமைப்புகளை மாற்ற இடமில்லை. இது மேசைக் கணிப்பொறிக்கு உரியது. முதலில், இன்றியமையாத கோப்புகளை வேறு ஒரு வட்டில் படி எடுத்து அதைக் கழற்றித் தனியே வையுங்கள். பிறகு பொறியைத் தொடங்கும்போது பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குச் சென்று, இப்போதுள்ள வேகம், காலக்கணக்கு, மின்னழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 3200 என்று உறையில் அச்சிட்ட தகடு 2133 அல்லது 2400இல் ஓடுவதைக் கண்டு வியக்காதீர்கள். எந்தப் பொறியிலும் இடரின்றித் தொடங்க வேண்டும் என்பதற்காக, ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பின் அடிப்படை எண்களையே தகடு முதலில் தருகிறது. உற்பத்தியாளர் சோதித்து உறுதியளித்த கூடிய வேகம் தகட்டிலுள்ள ஒரு சிறு சில்லில் தனியே எழுதப்பட்டிருக்கும். இன்டெல் நிறுவனம் 2007இல் கொணர்ந்த எக்ஸ்.எம்.பி. என்பதும், ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் கொணர்ந்த எக்ஸ்போ என்பதும் இத்தகைய குறிப்புகளே. அதனைத் தேர்ந்தெடுத்தால் மூன்று அமைப்புகளும் ஒருங்கே பொருந்திவிடும். மாணவர்களுக்கு இதுவே போதுமானது. முதல் முறை தொடங்கும்போது பொறி சற்றுத் தாமதிக்கும். செயலியும் நினைவகமும் ஒன்றையொன்று அளந்து பழகும் நேரம் அது. அஞ்சி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

தொடங்கிவிட்டது என்பதனால் தேறிவிட்டது என்று கொள்ளலாகாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது தேர்வில் வென்றதற்குச் சான்றாகுமா? மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல் ஒன்றைச் சிறு நினைவகக் குச்சியிலிருந்து இயக்குங்கள். ஆசிரியர் சொல்வதெழுதல் நடத்துவது போல, அது ஒவ்வோர் அறையிலும் குறிப்பிட்ட எண்களை எழுதும். பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும். குறைந்தது நான்கு சுற்றாவது ஓடட்டும். இரவு முழுவதும் ஓடினால் இன்னும் நன்று. முடிவில் பிழைகளின் எண்ணிக்கை சுழியாக இருக்க வேண்டும். நம் தேர்வுகளில் நூற்றுக்கு முப்பத்தைந்து பெற்றால் தேர்ச்சி. இங்கே ஒரே ஒரு பிழையும் தோல்விதான்.

பிழை தோன்றினால் என்ன செய்வது? தகடுகள் சரியாகப் பொருந்தியுள்ளனவா, தாய்ப்பலகையின் கையேடு சொல்லும் இடங்களில்தான் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு வேகத்தை ஒரு படி குறையுங்கள், மீண்டும் சோதியுங்கள். அல்லது வேகத்தை அப்படியே விட்டு, காலக்கணக்கின் எண்களை ஒன்றிரண்டு உயர்த்துங்கள், மீண்டும் சோதியுங்கள். மின்னழுத்தத்தைத் தொடுவது இறுதி வழி. அதையும் நூற்றில் ஒரு வோல்ட் அளவாகவே உயர்த்த வேண்டும்; உற்பத்தியாளர் குறித்த எல்லையை ஒருபோதும் தாண்டலாகாது. அடிப்படை எண்களிலேயே பிழை வருமானால் குற்றம் அமைப்பில் இல்லை. தகடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதுபட்டதை மாற்றுவதே முறை. பொறி தொடங்கவே மறுத்தால், கையேட்டிற் கண்டபடி பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். மூன்றையும் ஒருங்கே மாற்றியவர்க்கு, எது உதவிற்று, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் ஒழுங்கும் இதுவே. இன்னொன்றையும் மறவாதீர்கள். மார்கழி இரவில் தேறிய பொறி சித்திரைப் பகலில் தவறக்கூடும். கோடை தொடங்கியதும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று.

சோதனையில் ஒரு பிழையும் இன்றித் தேறும் வேகம் எதுவோ, அதுவே உங்கள் பொறியின் உண்மையான வேகம். உறையில் அச்சிட்டதும் நண்பர் சொன்னதும் அதற்கு அடுத்தபடிதான். அந்த வேகத்தில் அமைத்துக்கொண்டு உங்கள் பாடத்தைக் கவனியுங்கள். நீங்கள் எழுதியதை எழுதியவாறே அது திருப்பித் தரும்.