ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்!

விளாத்திகுளம் தொடங்கி வேலூர் வரை, அரசின் இலவச லேப்டாப்தான் பல வீடுகளுக்கு முதல் கணினி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளமும் இருந்தது. ஆனால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, கணினியை அணைத்துப் போட வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட உதவுவது விர்ச்சுவல் மெஷின். சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவது போலத்தான். 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள், ரேமிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பங்கை ஒதுக்கி, கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும். விண்டோஸ் திரையிலேயே தனிக் கட்டத்தில் லினக்ஸ் ஓடும். பிடிக்கவில்லையா? அழித்துவிடலாம். கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் வெளியே பத்திரமாக இருக்கும்.

இதற்கு இப்போது என்ன அவசியம்?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதிது வாங்கப் பணமில்லாத வீடுகளுக்கு லினக்ஸ் ஒரு வழி. மாறுவதற்கு முன், தமிழ்த் தட்டச்சு சரியாக வருகிறதா, பழைய ஃபைல்கள் திறக்கின்றனவா என்று விர்ச்சுவல் மெஷினில் ஒத்திகை பார்க்கலாம்.

இது ஒத்திகை மட்டுமே; விண்டோஸில் உள்ள ஓட்டையை அடைக்காது. 8 ஜிபி ரேம் இருந்தால் வசதி. 2 ஜிபி என்றால் இரண்டும் திணறும். அப்படிப்பட்ட கணினியில், எடை குறைந்த லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

நிஜமாகவே மாறும் நாளில், முதல் வேலை முக்கிய ஃபைல்களை வெளியே நகலெடுத்து வைப்பது. வீடு மாறும்போது நகைப்பெட்டியைத்தானே முதலில் கையில் எடுப்போம்!