சட்டைப் பையில் சாவி இருக்கிறதா?

உங்கள் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். என்ன இருக்கிறது? பணப்பை, சாவி, சீப்பு, பேனா. கையில் கடிகாரம்.

"இதை எல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று நினைப்பீர்கள். அமெரிக்க டாக்டர்கள் இதே கேள்வியை மனநோயாளிகளிடம் கேட்டார்கள். பதிலுக்கு மார்க்கும் போட்டார்கள்!

இது வேடிக்கை அல்ல. இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

கதவு திறந்தது

1955-ம் ஆண்டில் அமெரிக்காவின் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 5½ லட்சம் பேர் இருந்தார்கள். இளம் வயதில் உள்ளே போய், அங்கேயே கிழவர் ஆனவர்கள் பலர்.

அந்தச் சமயத்தில்தான் "குளோர்புரோமசின்" என்ற புது மருந்து வந்தது. கத்தியவர்கள் அடங்கினார்கள். யாரும் இல்லாதபோது காதில் கேட்ட குரல்கள் பலருக்குக் குறைந்தன. நோயாளிகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். (மருந்து மட்டும் காரணம் அல்ல. செலவைக் குறைக்கும் கணக்கும் அதில் இருந்தது.) 1980-ல் உள்ளே இருந்தவர்கள் 1½ லட்சத்துக்கும் குறைவு.

சரி, வெளியே போனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மருந்து சாப்பிட்டார்கள், கத்தவில்லை. அது போதுமா?

278 பேர்

ஆண்டனி லேமன் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் இதைக் கேட்டுப் பார்க்க முடிவு செய்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சாப்பாடும் படுக்கையும் தரும் 30 பெரிய விடுதிகளுக்குப் போனார்கள். அங்கே தங்கி இருந்த 278 மனநோயாளிகளிடம் பேசினார்கள்.

நோயைப்பற்றி மட்டும் கேட்கவில்லை. "செலவுக்குக் காசு இருக்கிறதா? நண்பர்கள் உண்டா? வெளியே போக பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

"மனநோயாளி சொல்வதை நம்பலாமா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாக நம்பலாம். பதில்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன.

1982-ல் முடிவு வெளிவந்தது. "கையில் காசு இல்லை, வேலை இல்லை, பாதுகாப்பு இல்லை, உறவும் சரியில்லை." இவைதான் அவர்களுடைய பெரிய குறைகள். இந்தக் குறைகளைத் தீர்க்க எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை இல்லை!

லேமன் பிறகு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். அதில் ஒரு கேள்வி தொடக்கத்தில் வரும். அதே கேள்வி முடிவிலும் வரும். "மொத்தத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்பதே அது. "படுமோசம்" முதல் "பரம சந்தோஷம்" வரை 7 படிகள். ஏதாவது ஒரு படியைச் சொல்லவேண்டும்.

சாவி எதற்கு?

இனி, சாவிக்கு வருவோம்.

1984-ல் மேரிலாந்து மாநிலத்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வேறு ஒரு அளவுகோலை உண்டாக்கினார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கானது அது. மொத்தம் 21 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மார்க்.

அதில் ஓர் அம்சம்தான் சட்டைப் பைச் சாமான்கள். இன்னொன்று, சமீபத்தில் செய்த காரியங்கள். "பத்திரிகை படித்தீர்களா? கடைக்குப் போனீர்களா? சினிமா பார்த்தீர்களா? பஸ்சில் போனீர்களா?" என்று கேட்பார்கள்.

ஊரோடு சேர்ந்து வாழ்கிறவனிடம் இந்தச் சாமான்கள் இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. யோசித்தால் சரிதான். சாவி இருந்தால், அவன் திறப்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் சாவி காவல்காரரிடம் அல்லவா இருக்கும்?

ஆனால் அந்தப் பட்டியலில் கார் ஓட்டும் லைசென்சும் இருக்கிறது! நம் ஊரில் அது இல்லாமலே ஒருவர் ஆயுள் முழுவதும் நன்றாக வாழலாம். ஊருக்கு ஊர் வாழ்க்கை வேறு.

சென்னையும் சேர்ந்தது

இதை உணர்ந்த உலக சுகாதார நிறுவனம், 1990-களில் 15 நகரங்களைச் சேர்த்து ஒரு பொதுவான கேள்விப் பட்டியலை உருவாக்கியது. அவற்றில் சென்னையும் ஒன்று, டெல்லியும் ஒன்று. இது மனநோயாளிகளுக்காக மட்டும் அல்ல, எல்லோருக்கும் பொது. முதலில் 100 கேள்விகள். பிறகு 26 கேள்விகளில் ஒரு சிறிய பட்டியலும் வந்தது. தமிழிலும் இருக்கிறது.

ஒரு சிக்கல்

இந்த அளவுகோல்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவன் பல வருடங்களாகத் திண்ணையில் கிடக்கிறான். "திருப்தியா?" என்று கேட்டால், "திருப்திதான்" என்கிறான். மெய்யாகவே திருப்தியா? அல்லது, வேறு எதையும் ஆசைப்பட மறந்துவிட்டானா? இன்னொருவனுக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் மனச்சோர்வினால் எல்லாவற்றுக்கும் "படுமோசம்" என்கிறான்.

ஆகவே இரண்டையும் குறித்துக்கொள்வது நல்லது. அவனிடம் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அவன் மனசுக்கு எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் பல சமயம் ஒத்துப்போவது இல்லை. டாக்டர் போடும் மார்க்கும் நோயாளி போடும் மார்க்கும்கூட அப்படித்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு மார்க் உண்டு. "இப்போது தொந்தரவு இல்லை" என்பார்கள். அது வீட்டாருக்கு நிம்மதி. அவனுக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியை வேறு ஒருவர் வாசித்துக் காட்டலாம். ஆனால் பதிலை அவரேதான் சொல்லவேண்டும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் முந்திக்கொண்டு, "அவன் நன்றாகத்தான் இருக்கிறான், டாக்டர்" என்று சொன்னால், அது கணக்கில் சேராது.