மாராள் என்று அழைக்கப்பட்டவளின் மடியில் ஒரு பிள்ளை



 இம்மாதம் ஒரு கடினமான காரியத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். உங்களில் சிலர் அண்மையில் அன்பானவர்களை அடக்கம்பண்ணியிருக்கிறீர்கள். சிலர் பல ஆண்டுகளுக்கு முன் இழந்தவரை எண்ணி இன்றும் இரவில் கண்ணீர் சிந்துகிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். துக்கவீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும். ஏனெனில், ஆறுதல் சொல்லப் போய்க் காயப்படுத்திவிட்டு வந்தவன் நான்.

ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீடு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்குத் தெற்கே, வராகமூர்த்தி ஆலயமும் அதன் பெரிய குளமும் உள்ள பகுதி ஸ்ரீவராகம். சாலைக் கடைத்தெரு இங்கிருந்து நடக்கும் தூரந்தான். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான அந்தச் சந்தையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வணிகம் செய்கிறார்கள். அங்கே வேலைக்கு வந்து, ஸ்ரீவராகத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தது ஒரு விசுவாசக் குடும்பம். கணவர், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள்.

அந்தச் சகோதரர் சிறுநீரக நோயினால் படுக்கையில் விழுந்தார். சபை 21 நாள் உபவாசமிருந்து ஜெபித்தது. நானும் கைவைத்து, எண்ணெய் பூசி, சுகமாவார் என்று விசுவாசத்தோடு அறிக்கை செய்தேன். 22ஆம் நாள் அதிகாலையில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சரீரத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம்பண்ணி, ஒரு வாரத்தில் சகோதரி பிள்ளைகளோடு திரும்பிவந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வாடகைக்குக் கொடுத்த முன்பணம் இங்கே, பிழைப்பும் இங்கே. நான் சந்திக்கச் சென்றேன். பத்து நிமிடம் அமர்ந்து, இது தேவசித்தம், அழக்கூடாது, அழுதால் அது சாட்சிக்கேடு என்று சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்தேன். அதற்கு முன்னரே வேறொருவர் வந்து, வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது என்று சொல்லிப் போயிருந்தார். அது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

நான்கு மாதம் அந்தச் சகோதரி ஆராதனைக்கு வரவில்லை. மறுபடியும் போனபோது அவர் சொன்னார்: "ஐயா, தேவசித்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ராத்திரியில் சின்னவன் எழுந்து அப்பா எங்கே என்று கேட்கிறான். அவனுக்கும் அதையே சொல்லட்டுமா?"

என்னிடத்தில் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் நான் எழுதிய எந்தத் தேர்விலும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அடுத்த வீட்டு மலையாளி அம்மா அந்த நான்கு மாதமும் மாலைதோறும் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்து, பிள்ளைகளைச் சாப்பிடச் செய்து, அதிகம் பேசாமல் அருகில் உட்கார்ந்துவிட்டுப் போனார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே (யோபு 2:13), அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுதான். வாய் திறந்த பிறகுதான் தவறினார்கள். அன்று வெட்கத்தோடு வீடு திரும்பி, ரூத்தின் புத்தகத்தைத் திறந்தேன்.

நகோமியும் நம்மைப்போல் பிழைக்கப் போனவளே

பிரியமானவர்களே, நகோமியின் குடும்பம் பஞ்சத்தினிமித்தம் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் பிழைக்கப் போன குடும்பம். அந்நிய தேசத்தில் கணவன் எலிமெலேக்கு இறந்தான். ஏறக்குறையப் பத்து வருடத்தில் மக்லோன், கிலியோன் என்னும் இரண்டு குமாரரும் இறந்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது, இன்பமானவள் என்னும் பொருளுடைய தன் பெயரை அவள் மறுத்தாள். கசப்பு என்னும் பொருள்பட மாராள் என்று அழைக்கும்படி கேட்டாள். நிறைவாய்ப் போனவளைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று ஊரார் எதிரிலேயே சொன்னாள் (ரூத் 1:20, 21).

இதைக் கவனியுங்கள். இந்தப் புத்தகத்தின் நான்கு அதிகாரங்களிலும், இப்படிப் பேசியதற்காக நகோமியைக் கர்த்தர் ஓரிடத்திலும் கடிந்துகொள்ளவில்லை. அவளுடைய கசப்பான வார்த்தைகளைப் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் எழுதிவைத்திருக்கிறார். தேவசமுகத்தில் அழுவது அவிசுவாசம் அல்ல. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். ஸ்தேவானை அடக்கம்பண்ணிய பக்தியுள்ள மனுஷர் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் (அப். 8:2). பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகையில், துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்லுகிறார் (1 தெச. 4:13). இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஐம்பது வயதைக் கடந்த பின்பே கற்றுக்கொண்டேன்.

ஜெபித்தும் மரித்தவர்கள்

நம்முடைய சபைகளில் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற நாம் ஜெபித்தும் ஏன் மரித்தார்? அப்போஸ்தலருடைய நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அதன் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தினால் கொல்லப்படுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறைச்சாலையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். அதே எருசலேம், அதே சபை, அதே கர்த்தர். யாக்கோபுக்கு விசுவாசம் குறைந்தது என்று லூக்கா எழுதவில்லை. காரணமே எழுதவில்லை. வேதம் சொல்லாத காரணத்தைத் துக்கவீட்டில் நாம் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. தேவன் சுகமாக்குகிறார் என்று இன்றும் பிரசங்கிக்கிறேன், இன்றும் எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். ஆனால் சுகமாகாமல் மரித்தவரின் மனைவியினிடத்தில் கணக்குக் கேட்கமாட்டேன்.

நாகப்பட்டினத்தில் எழும்பிய "நம்பிக்கை"

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா தீவின் அருகே கடலுக்கடியில் உண்டான பூமியதிர்ச்சியால் எழும்பிய ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலும் கொட்டில்பாடும், கொல்லத்தின் ஆலப்பாடும் அழுதன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்த மாவட்டத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தில் பொறியாளராயிருந்தவர் கரிபீரான் பரமேஸ்வரன். அவரும் மனைவி சூடாமணியும் கிறிஸ்தவ விசுவாசிகள். அன்று அவருடைய பிறந்தநாள். உறவினர்கள் வந்திருந்தார்கள். கடற்கரைக்குப் போன அந்தக் குடும்பத்தில் அவர்களுடைய மூன்று பிள்ளைகளையும், உறவினர் பலரையும் கடல் எடுத்துக்கொண்டது. காலையில் அப்பா, அம்மா என்று அழைக்க மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில், இரவில் அப்படி அழைக்க ஒருவரும் இல்லை.

வாழ்வதில் பொருளில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தால் யார் குறைசொல்ல முடியும்? ஆனால் அந்தக் கரையில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே பிள்ளைகளை இழந்த பெற்றோர், அங்கே பெற்றோரை இழந்த பிள்ளைகள். அந்தத் தம்பதியர் சில பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துவந்தார்கள். இறந்துபோன தங்கள் பிள்ளைகள் வாழ்ந்த வீட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. அந்த இல்லத்துக்கு அவர்கள் இட்ட பெயர் "நம்பிக்கை". பின்னர் தேவன் அவர்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகளையும் கொடுத்தார்.

இதை வாசித்துவிட்டு, இழந்ததைக் கர்த்தர் இரட்டிப்பாய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று எளிதாய்ச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் இடத்தை இன்னொரு பிள்ளை நிரப்புவதில்லை. நகோமியின் மடியில் ஓபேத் வந்தான். மக்லோன் திரும்பி வரவில்லை. ஆனாலும் வெறுமையாயிருந்த மடியில் அவள் ஒரு பிள்ளையை எடுத்து வைத்து வளர்த்தாள் (ரூத் 4:16). இழப்பு இருந்த இடத்திலேயே இருக்க, அன்புகூர மறுபடியும் பெலன் கிடைப்பதையே வேதம் புதுப்பிக்கப்படுதல் என்று காட்டுகிறது.

மனுஷரால் வந்த இழப்பு

கடல் எடுத்துக்கொண்டால் யாரை மன்னிப்பது என்ற கேள்வி இல்லை. மனுஷன் எடுத்துக்கொண்டால்?

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரகாம் ஸ்டெயின்ஸ், 1965 முதல் ஒடிசாவின் பாரிபாதாவில் குஷ்டரோகிகளிடையே ஊழியஞ்செய்தார். அவருடைய பிள்ளைகள் பிலிப்பும் திமோத்தேயும் நம்முடைய உதகமண்டலத்தில் உள்ள பள்ளியில் படித்தவர்கள். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு மனோகர்பூர் கிராமத்தில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த அந்த மூவரும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ், மகள் எஸ்தரோடு மிஞ்சினார்.

கொன்றவர்களை மன்னிப்பதாகக் கிளாடிஸ் அறிவித்ததைத் தேசமே கேட்டது. ஆனால் நீதிமன்றத்தின் வேலையில் அவர் குறுக்கிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள்தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு வேறு, நியாயத்தீர்ப்பு வேறு. கசப்பை இருதயத்திலிருந்து இறக்கிவைப்பது மன்னிப்பு. நடந்தது குற்றமே அல்ல என்று சொல்வது மன்னிப்பு அல்ல. 2004 வரைக்கும் அவர் அந்தக் குஷ்டரோகிகளைக் கைவிடாமல் இந்தியாவிலேயே தங்கியிருந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நாம் செய்ய வேண்டியவை

துக்கத்திலிருக்கிற அன்பரே, அழுங்கள். கர்த்தரோடு உள்ளதை உள்ளபடியே பேசுங்கள். ஒருவேளை ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், சங்கீதங்களில் ஒன்றைச் சத்தமாய் வாசியுங்கள். சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து விழுந்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது அப்பமும் தண்ணீரும் தூக்கமுமே (1 இரா. 19). ஆகவே சாப்பிடுங்கள், உறங்குங்கள். சாவதே மேல் என்ற எண்ணம் விடாமல் வந்தால் மறைக்காதீர்கள். போதகரிடத்திலும் மருத்துவரிடத்திலும் சொல்லுங்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல.

சபையாரே, சொந்த ஊரில் என்றால் துக்கவீட்டில் உற்றார் உறவினர் மாதக்கணக்கில் வந்துபோவார்கள். நகரத்தில் வாடகை வீட்டிலிருக்கிறவர்களுக்கு நீங்களே உற்றார். முதல் வாரத்தில் எல்லாரும் போகிறோம். மூன்றாம் மாதத்தில் யார் போகிறார்கள்? வாடகைக்கு என்ன செய்கிறார்கள், பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, இறப்புச் சான்றிதழ் வாங்க யார் உடன் போவது என்று கேளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். காரணம் சொல்லாதீர்கள். கஞ்சி கொண்டுபோங்கள்.

நான் அந்தச் சகோதரியினிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் பிள்ளைகளோடு வந்து அமர்ந்தார். பாடவில்லை, அழுதுகொண்டிருந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. மறு வருடம் சபையில் ஓர் இளம் தம்பதியர் தங்கள் கைக்குழந்தையை இழந்தபோது, நான் அங்கே போய்ச் சேருமுன்னே அவர் அந்த வீட்டில் இருந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. அந்தத் தாயின் அருகில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தேவன் நமக்கு அருளிய ஆறுதலினால் மற்றவர்களுக்கு ஆறுதல்செய்யத் திராணியுள்ளவர்களாகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளை (2 கொரி. 1:4) அந்த வீட்டு வாசலில் நின்று கண்டேன். அன்று நானும் உள்ளே போய், பேசாமல் உட்கார்ந்தேன்.

ஜெபம்: எங்கள் கண்ணீரை அறிந்திருக்கிற அன்பின் தகப்பனே, வெறுமையான மடிகளோடு உம்முடைய சமுகத்தில் நிற்கிற பிள்ளைகளை நினைத்தருளும். காரணம் தெரியாத இரவுகளில் நீர் எங்களோடிரும். உயிர்த்தெழுதலின் நாள்மட்டும் எங்களை நம்பிக்கையில் காத்து, ஒருவரையொருவர் தாங்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.