லாரிச் சக்கரமும் காற்றழுத்தமானியும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி என்பது வெறும் ஊர்தியன்று. மழை பொய்த்த மானாவாரி நிலத்தைவிட்டுச் சக்கரத்தை நம்பிப் பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகள், ஆழ்துளைக் கிணறு தோண்ட வடநாடு வரை செல்லும் ரிக் வண்டிகள் என்று இத்தொழிலுக்குப் பல கிளைகள் உண்டு. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கித் தானே ஓட்டும் உரிமையாளருக்கு, டீசலுக்கு அடுத்தபடியாகப் பெருஞ்செலவு வைப்பது டயர்தான். அந்த டயரின் ஆயுளையும், சில வேளைகளில் ஓட்டுநரின் ஆயுளையும் முடிவு செய்வது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறு கருவி. அதுவே காற்றழுத்தமானி. பங்க்சர் கடையிலும் லாரிப் பேட்டையிலும் இதைக் ‘கேஜ்’ என்பார்கள். நல்ல கேஜைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு நம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் விடை தந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். லாரியின் சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் நூலும் அக்காற்றை அடக்கிவைக்கும் பைதான். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டேயிருந்தால் வளைந்த இடம் சூடேறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுவேதான் இங்கும் நடக்கிறது. அச்சூட்டில் டயரின் அடுக்குகளை ஒட்டவைத்த பிணைப்பு தளர்கிறது. கோடை நடுப்பகலில், முழுச்சுமையோடு, நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன் சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

சாலையோரத்தில் வண்டி நின்றதும் கிளீனர் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டி, “காத்து சரியா இருக்குண்ணே” என்பது நாம் அனைவரும் கண்ட காட்சி. இதனைப் பழிக்க வேண்டியதில்லை. முற்றும் காற்றிறங்கிய டயரை அந்த ஓசை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 110 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 90 பவுண்டு இருந்தால் அதைக் காதால் பிரித்தறிய எவராலும் இயலாது. பின்பக்கத்தில் ஜோடியாக இருக்கும் டயர்களில் கண்ணுக்கும் வேலையில்லை. ஒன்றில் காற்றுக் குறைந்தாலும் மற்றது சுமையைத் தூக்கிப் பிடிப்பதால், இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்.

லாரிக்காரர்கள் சொல்லும் ‘பவுண்டு’ என்பது ஒரு சதுர அங்குலத்தின்மேல் விழும் பவுண்டு எடை. ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பது 14.22 பவுண்டு. ஒரு ‘பார்’ என்பது 14.5 பவுண்டு. கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் அழுத்தம் 14.7 பவுண்டு. மானி காட்டுவது டயருக்குள் உள்ள முழு அழுத்தத்தை அன்று. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு மிகுதி என்பதை மட்டுமே. 110 காட்டும் டயருக்குள் உண்மையில் 124.7 பவுண்டு இருக்கிறது. இந்த 14.7 ஐக் கூட்டாமல் வாயு விதிகளைப் போட்டால் கணக்குத் தவறிவிடும்.

அக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். காலையில் 30 பாகை செல்சியசில் 110 பவுண்டு அடித்த டயர், ஓடி ஓடி உள்ளே 70 பாகைக்குச் சூடேறிவிட்டது என்று கொள்வோம். கெல்வின் அளவில் இது 303 இலிருந்து 343. கொள்ளளவு ஏறத்தாழ மாறாததால், 124.7 என்பது 141 ஆக உயரும். 14.7 ஐக் கழித்தால் மானி 126 காட்டும். இதைக் கண்டு, “காற்று ஏறிப்போச்சு” என்று வால்வை அழுத்தி 110 க்குக் குறைத்துவிடுவோர் உண்டு. மறுநாள் காலையில் டயர் குளிர்ந்ததும் அதே மானி 95 தான் காட்டும். நல்ல டயரைக் குறைக்காற்று டயராக்கி, அன்றைய ஓட்டத்துக்கு அனுப்பியதுதான் மிச்சம். எனவே வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகே, வெயில் படாத வேளையில் அளக்க வேண்டும். டயரில் நைட்ரஜன் அடித்தாலும் இவ்விதி மாறாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே!

மலைப் பாதையில் இன்னொரு விந்தை. மேட்டுப்பாளையத்தில் 35 பாகை வெப்பத்தில் 110 அடித்த டயர், உதகையில் இரவு தங்கிக் காலையில் 15 பாகைக்குக் குளிர்ந்தால் என்ன காட்டும்? உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 11.2 பவுண்டாகக் குறைவதால் மானி 3 பவுண்டு கூட்டிக்காட்ட முனையும். குளிரோ அதைக் கீழே இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் 105 அளவில் நிற்கும். காற்று கசியவில்லை, மானியும் கெடவில்லை.

இனி மானிகளைக் காண்போம். பேனா போன்ற குச்சி மானியில் ஒரு சிறு பிஸ்டனும் சுருள்வில்லும் உண்டு. காற்று தள்ள, எண்கள் பொறித்த தண்டு வெளியே நீள்கிறது. பல்சக்கரம் ஏதும் இல்லாததால் கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. சட்டைப் பையில் அடங்கும். ஆனால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தண்டு சிக்கிச் சிக்கி நகரும். இரண்டு மூன்று பவுண்டு வேறுபாடு இதில் இயல்பு.

முகப்பும் முள்ளும் உள்ள வட்ட மானியின் வரலாறு சுவையானது. பாரிசில் நீராவி இயந்திரம் செய்துவந்த யூஜின் பூர்தோன் என்பவர், நசுங்கிய ஒரு சுருள் குழாயை நீர் அழுத்தம் கொடுத்துச் சரிசெய்ய முயன்றபோது, குழாய் உப்புவதோடு சுருளும் விரிவதைக் கண்டார். 1849 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் வட்ட மானியின் உள்ளே இருப்பது அந்தத் தட்டையான வளைகுழாய்தான். அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயல, பல்சக்கரங்கள் அச்சிறு அசைவைப் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. படிக்க எளிது, நுட்பமும் அதிகம். ஆனால் ஒருமுறை தார்ச்சாலையில் விழுந்தால் அதன் சொல்லை நம்பக் கூடாது. மேலே ரப்பர் உறை போட்ட மானியை வாங்குவது நலம்.

மின்னணு மானியில் அழுத்தம் பட்டு வளையும் ஒரு சிறு சிலிக்கன் தகட்டின் மின்தடை மாறுபடுகிறது. அதை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. 110.5 என்று புள்ளி போட்டுக் காட்டுவதாலேயே அது துல்லியம் ஆகிவிடாது. 200 பவுண்டு வரை அளக்கும் மின்னணு மானி ஒரு விழுக்காட்டுப் பிழை உடையதென்றால், உண்மை 108.5 முதல் 112.5 வரை எங்கும் இருக்கலாம். நம் ஆய்வுக்கூடத்தில் மீச்சிற்றளவு வேறு, பிழை வேறு என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது இதைத்தான்.

விழுக்காடு என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, “எதில் விழுக்காடு?” என்பது. பெரும்பாலான மானிகளில் அது முழு அளவில் விழுக்காடு. முள் காட்டும் எண்ணில் அன்று. 160 பவுண்டு வரை அளக்கும் மானியில் 2 விழுக்காடு என்றால் 3.2 பவுண்டு. 300 வரை அளக்கும் மானியிலோ அதுவே 6 பவுண்டு ஆகிவிடும். பெரிய எண் இருந்தால் நல்ல கேஜ் என்று எண்ணி வாங்குவது எவ்வளவு தவறு பாருங்கள்! அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத் தரவிதியின் ‘பி’ வகை மானியில், முகப்பின் நடுப்பாதிக்கு 2 விழுக்காடும் இரு ஓரங்களுக்கு 3 விழுக்காடும் பிழை ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆகவே நாம் அளக்கப் போகும் எண் முகப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 100 முதல் 120 பவுண்டு வரை அடிக்கும் லாரி டயருக்கு 160 பவுண்டு மானியே பொருத்தம். கார்க்காரரின் 60 பவுண்டு மானியை இரவல் வாங்கி லாரி வால்வில் வைத்தால், வளைகுழாய் மீளாதபடி விரிந்து அம்மானி அன்றோடு பாழ். முகப்பில் 1.6 என்று தர எண் அச்சிட்டிருந்தால், முழு அளவில் 1.6 விழுக்காட்டுக்குள் பிழை என்று பொருள். 160 பவுண்டு மானியில் இது 2½ பவுண்டு. சர்வதேச சட்டமுறை அளவையியல் அமைப்பின் 23 ஆம் பரிந்துரையும் 4 முதல் 10 பார் வரையிலான டயர் மானிக்கு 0.16 பார், அதாவது 2.3 பவுண்டுப் பிழையையே ஒப்புக்கொள்கிறது. இதற்கு மேல் துல்லியம் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நாம் பிடிக்க வேண்டிய திருடன் இரண்டு பவுண்டு அல்லன், இருபது பவுண்டு.

துல்லியமான மானியும் வால்வில் சரியாக உட்காராவிட்டால் பயனில்லை. ஜோடிச் சக்கரத்தில் வெளி டயரின் வால்வு ஒரு பக்கமும், உள் டயரின் வால்வு எதிர்ப்பக்கமும் பார்க்கும். உள் டயரை அளக்க, டிஸ்க்கின் துளை வழியே கை நுழைய வேண்டும். கை நுழையாததால்தான் உள் டயர் பல வண்டிகளில் மாதக்கணக்கில் அளக்கப்படாமலே போகிறது. இதற்கென்றே நீண்ட தண்டின் நுனியில் இரு திசைக்கும் இரு வாய் வைத்த மானிகள் உண்டு. லாரிக்கு வாங்குபவர் இதனை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

டிரெய்லரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முன்னால் இழுக்கும் வண்டி மாறும், ஓட்டுநர் மாறுவார். பின்னால் வரும் டிரெய்லரைத் தன்னுடையது என்று எண்ண ஆளில்லை. சுமை கிடைக்காமல் வாரக்கணக்கில் நிற்கும்போதும், ஓட்டையே இல்லாத டயரிலிருந்து ரப்பர் ஊடாகவே காற்று சிறிது சிறிதாக வெளியேறுகிறது. கொக்கி மாட்டுமுன் எல்லாச் சக்கரத்தையும் ஒரே மானியால் அளப்பது நல்லது. ஒரே மானி என்றது காரணத்தோடுதான். மானி 3 பவுண்டு கூட்டிக் காட்டினாலும் எல்லா டயருக்கும் அதே மூன்றைக் கூட்டினால், எந்தச் சக்கரம் பின்தங்கியது என்பது தெரிந்துவிடும். ஒரே டயரை ஐந்து முறை அளந்தால் ஐந்து எண் காட்டும் மானியைத் திருத்தவே முடியாது.

மானியைச் சோதிக்க, எடைக்கற்களை ஏற்றும் நிறையழுத்தச் சோதனைக் கருவி உண்டு. ஒரு சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனின்மேல் 7 கிலோ வைத்தால், பாஸ்கல் விதிப்படி மானி 99½ பவுண்டு காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பிழை மானியில்தான். அளவுத்திருத்தம் செய்யும் கூடங்களில் இவ்வசதி கிடைக்கும். அது எட்டாதவர்கள், சோதனைச் சான்று பெற்ற மானி வைத்திருக்கும் டயர் கடையில் ஒரே சக்கரத்தை இரண்டாலும் அளந்து, வேறுபாட்டைத் தம் மானியின்மேல் ஒட்டுத்தாளில் எழுதிவைக்கலாம். எண்ணைக் குறித்து வைத்துவிட்டால் தானே நின்றுகொள்ளும் இன்றைய தானியங்கிக் காற்றடிப்பான்களுக்கும் இச்சோதனை வேண்டும்.

இனிச் சொல்லப்போவது காற்றடிக்கும் இளைஞர்களின் உயிர் பற்றியது. அடிக்க வேண்டிய அளவில் 20 விழுக்காடு குறைந்து ஓடிய டயரைக் காற்றே இல்லாமல் ஓடிய டயராகவே கொள்ள வேண்டும் என்பது டயர்த் துறையின் நடைமுறை. 110 பவுண்டு டயருக்கு அந்த எல்லை 88. அதற்குக் கீழே ஓடியிருந்தால் பக்கச் சுவரின் எஃகுக் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே ஒடிந்திருக்கக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதில் மறுபடி காற்றை ஏற்றும்போது, வரிசையாகக் கம்பிகள் அறுந்து சுவர் கிழிகிறது. டியூப் போட்ட பழைய வகை டிஸ்க்கில் லாக் ரிங் சரியாக உட்காராமல் தெறித்தாலும் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. ஆகவே மானி 88 க்குக் கீழ் காட்டினால், காற்றை ஏற்றாமல் டயரைக் கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும். பிறகு இரும்புக் கூண்டுக்குள் வைத்து, வால்வைக் கவ்விக்கொள்ளும் வாயும் பத்தடிக் குழாயும் உள்ள மானியால், சக்கரத்தின் எதிரே நில்லாமல் ஒதுங்கி நின்று காற்றடிக்க வேண்டும். பங்க்சர் கடைக்கு மானி வாங்குபவர், முகப்பைப் பார்க்குமுன் குழாயின் நீளத்தைப் பார்க்கட்டும்.