கடிதப் பெட்டி குடிபெயரும் முறை

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு வீடு மாற்றுவதும் கடை மாற்றுவதும் பழகிப்போன காரியங்கள். கடையின் மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்றால் மட்டும் "பையன் பார்த்துப்பான்" என்று சொல்லிவிடுகிறோம். பையன் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஆர்டர், விலைப்பேச்சு, பாக்கி விவரம், சரக்கு அனுப்பியதற்கான ஒப்புதல். பேரேட்டுக்குச் சமமான பொருள். அதை யார், எந்த வழியாக, எந்தச் சாவியை வைத்துக்கொண்டு எடுத்துப்போகிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

'கிளவுட்' என்பது வானத்தில் ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிக் கிடங்குகளில் நமக்கு மாத வாடகைக்கு இடம் தருகிறார்கள், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் 2011ல் ஆஃபீஸ் 365 என்று தொடங்கியது இன்று மைக்ரோசாஃப்ட் 365. கூகுளின் சேவைக்கு 2020 முதல் வொர்க்ஸ்பேஸ் என்று பெயர். அஞ்சல் என்ற சொல்லே திருவிதாங்கூர் சமஸ்தானத்து தபால் ஏற்பாட்டுக்குப் பெயராக இருந்தது. அங்கே ஓட்டக்காரர் கையிலிருந்து ஓட்டக்காரர் கைக்குப் பை மாறியது போலவே மின்னஞ்சலும் ஒரு சர்வர் கையிலிருந்து இன்னொரு சர்வர் கைக்குப் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிது.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நம் பழைய கடிதங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பல கடைகளில் இதற்குச் சரியான பதில் வராது. கடிதத்தை எடுக்க இரண்டு முறைகள் உண்டு. பாப் முறையில், கடிதம் சர்வரிலிருந்து நம் கம்ப்யூட்டருக்கு இறங்கும். பிரதி வைக்கச் சொல்லாவிட்டால் சர்வரில் அழிந்துவிடும். ஐமேப் முறையில், மூலக் கடிதம் சர்வரிலேயே இருக்கும், நாம் பார்ப்பது அதன் நகல். பத்துப் பதினைந்து வருஷமாக பாப் முறையில் ஓடிய கடையில், சர்வரில் ஒரு வாரத்துக் கடிதம்தான் இருக்கும். மீதியெல்லாம் கணக்குப்பிள்ளையின் மேஜைக் கம்ப்யூட்டரில், அவுட்லுக்கின் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் அடைந்து கிடக்கும். எனக்குத் தெரிந்த இரும்புச் சாமான் வியாபாரி ஒருவர் வீட்டில் அந்த ஹார்ட் டிஸ்க் போயிற்று. சர்வரில் இருக்கும் என்று நம்பியிருந்தார், இல்லை. மூன்று வருஷத்துப் பாக்கிக்கு வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த ஒப்புதல்களும் அதோடு போயின. வாய்வார்த்தையாகத்தான் வசூல் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே பாப் கடைக்காரர்கள் முதலில் அந்தக் கோப்புக்கு இரண்டு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிறகு அதே அவுட்லுக்கில் புதிய கணக்கையும் சேர்த்து, பழைய கடிதங்களை அதற்குள் நகலெடுக்க வேண்டும். நகல்தான், இழுத்து நகர்த்தக் கூடாது. மெதுவான வேலைதான்.

ஐமேப் கடைக்காரர்களுக்கு இணைப்பு ஏற்படுத்தினால் போதும். மைக்ரோசாஃப்ட் 365ல் இதற்கு 'மைக்ரேஷன் எண்ட்பாயிண்ட்' என்று பெயர். புதிய சர்வர் பழைய சர்வரின் கதவைத் தட்டுவதற்கான முகவரிச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய சர்வரின் பெயர், கதவு எண், பூட்டு வகை ஆகியவற்றை எழுத வேண்டும். பாதுகாப்பான ஐமேப்புக்குக் கதவு எண் 993. பழைய 143 திறந்திருந்தாலும் மறைகுறி இல்லாமல் அதில் போவது நல்லதல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பெட்டிகளை எடுக்கலாம் என்றும் கேட்கும். சின்ன சர்வர் வாடகைக்காரர்கள் ஒரே இடத்திலிருந்து பல இணைப்பு வந்தால் திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். எண்ணிக்கையைக் குறைவாக வைப்பதே உத்தமம்.

புதிய பெட்டிகளை முன்கூட்டியே உண்டாக்கியிருக்க வேண்டும். பிறகு ஒரு பட்டியல்: புதிய முகவரி, பழைய பயனர் பெயர், பழைய பாஸ்வேர்டு. கடையின் எல்லாச் சாவியும் ஒரே காகிதத்தில்! வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்து, பழைய பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு பெட்டியை, அதிகம் உபயோகமில்லாத ஒன்றை, மாற்றிப் பாருங்கள்.

இந்த ஐமேப் வழியில் கடிதங்கள் மட்டுமே வரும். முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் வாரா. தனியாக எடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 5,00,000 கடிதம் வரை, ஒரு கடிதம் 35 எம்.பி. வரை என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் எல்லை. முதல் நகல் முடிந்த பின், தினம் ஒருமுறை புதிதாக வந்தவற்றையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

இனி எம்.எக்ஸ். பதிவு. நம் பெயருக்கு வரும் கடிதத்தை எந்த வாசலில் போடுவது என்று உலகத்துக்குச் சொல்லும் பலகை அது. இதை மாற்றும் நாளில்தான் உண்மையான குடிபெயர்வு. பலகையைப் படித்தவர்கள் எவ்வளவு நேரம் பழைய விவரத்தையே நினைவில் வைத்திருப்பார்கள் என்பதற்கு டி.டி.எல். என்று ஓர் எண், விநாடிக் கணக்கில். அது 86,400 என்றிருந்தால் ஒரு முழு நாள். எனவே மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அதை 3,600 ஆக, அதாவது ஒரு மணி நேரமாக, குறைத்துவிட வேண்டும். அதே நாளில் குறைத்துப் பயனில்லை. பழைய எண்ணைப் படித்தவர்கள் அதன்படிதான் நடப்பார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பலகை மாட்டும் உரிமை யார் பெயரில்? கடையின் இணையப் பெயரை 2005லோ 2008லோ வெப்சைட் செய்துகொடுத்த பையன் தன் பெயரிலேயே பதிந்திருப்பான். இப்போது அவன் எங்கேயோ. கடைப் பெயர் நம்முடையது, பத்திரம் அவனுடையது! மின்னஞ்சலை மாற்றுகிறீர்களோ இல்லையோ, பதிவாளரிடம் அந்தக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

எம்.எக்ஸ். வரும் கடிதத்துக்கு. போகும் கடிதத்துக்கு எஸ்.பி.எஃப். என்ற பதிவு: எங்கள் பெயரில் எழுத இன்னின்ன சர்வருக்கு மட்டுமே அதிகாரம் என்ற பவர் பத்திரம். ஒரு பெயருக்கு இது ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழையதை வைத்துக்கொண்டு புதியதையும் எழுதினால் இரண்டும் செல்லாது. டிகிம் என்பது கடிதத்தின் முத்திரை. இவ்விரண்டும் தவறிய கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு எழுதுபவர்களுக்கு எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் கட்டாயம். இவை இல்லாவிட்டால் நம் இன்வாய்ஸ் திரும்பி வரும், அல்லது குப்பைப் பெட்டிக்குப் போகும். பில் போடும் மென்பொருளும், ஸ்கேன் செய்து அனுப்பும் மிஷினும்கூட நம் பெயரில் கடிதம் அனுப்புகின்றன. அவற்றில் பழைய சர்வர் பெயரே எழுதியிருந்தால் நின்றுவிடும். மறந்துபோவது எப்போதும் இந்த மிஷின்தான்.

பழைய சர்வர் வாடகையை எம்.எக்ஸ். மாற்றிய மறுநாளே நிறுத்த வேண்டாம். சுவடி பெயர்த்தெழுதியவர்கள் ஒப்புநோக்கி முடிக்கும்வரை பழைய ஏட்டை ஆற்றில் விடமாட்டார்கள். ஒரு மாதமாவது வைத்திருந்து, ஒவ்வொரு பெட்டியிலும் 'அனுப்பியவை' உட்பட எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்கு ஏடுகளை ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரமான ஆர்டர் கடிதங்களும் அதுவரை கைவசம் இருப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழும் வேண்டும். அச்சடித்த தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வக்கீல் திருப்பி அனுப்புவார்.

மாற்றம் நடக்கும் வாரத்தில் "உங்கள் பெட்டி மாறுகிறது, இங்கே பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று கள்ளக் கடிதம் வந்தால், வீட்டில் எல்லாரும் நம்பிவிடுவார்கள். என்றைக்கு மாறுகிறது, யார் செய்கிறார்கள், யாரும் பாஸ்வேர்டு கேட்டு எழுதமாட்டார்கள் என்று கடையில் எல்லாரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள். புதிய கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை முதல் நாளே போடுங்கள். நிர்வாகிக் கணக்கை மட்டும் கடைப் பையனின் போனில் வைக்காமல், வீட்டிலுள்ள ஒருவரின் போனில் வையுங்கள்.