எடை ஒன்று, வழி வேறு: வேட்டை அம்பு ஏன் விலகுகிறது?

அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் பழகுபவர்களைக் குழப்பும் விஷயம் இது. பயிற்சி அம்பின் முனையும் 100 கிரெய்ன், வேட்டை அம்பின் முனையும் 100 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 கிராம். அதே வில், அதே குறி. ஆனாலும் வேட்டை அம்பு நாலு விரற்கடை தள்ளித் தைக்கிறது. ஏன்?

வேட்டை முனையின் அகன்ற அலகுகள் முன்பக்கச் சிறகுகளாகிவிடுகின்றன. அம்பு சற்றே கோணலாகப் புறப்பட்டாலும் காற்று அவற்றைப் பிடித்துத் தள்ளும். ஒடுங்கிய பயிற்சி முனையில் காற்றுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் வால் இறகுகள் கோணலைத் திருத்திவிடும்.

சரிசெய்வது எப்படி? வில்லின் இழுவிசைக்கேற்ற விறைப்புள்ள தண்டு வேண்டும். திருகலாக ஒட்டிய இறகுகள் அம்பைச் சுழலவிட்டு நிலைப்படுத்தும். பிறகு, கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லின் அம்புதாங்கியைப் பயிற்சி அம்பு தைத்த பக்கமாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, மறுபடி எய்ய வேண்டும். இரண்டு அம்புகளும் ஒரே இடத்தில் தைக்கும்வரை.